சொட்டும் குமிழியும்

மூன்றாம் கட்டிலருகே இருந்த டிரிப் பம்ப் திடீரென்று கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. குழந்தைகள் வார்டின் காலை நேரத்து அழுகை, சிணுங்கல், பால் புட்டி தரையில் உருளும் சத்தம் எல்லாவற்றையும் மீறிக்கொண்டு அது கேட்டது. மருந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த குமிழி, கையில் இருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். எதிர்ப்பக்கத்தில் இருந்து சொட்டும் ஓடி வந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பொத்தானுக்குக் கை நீட்டியதில் முழங்கையும் முழங்கையும் மோதிக்கொண்டன.

"அப்பவும் இப்படித்தான்டி," என்று சிரித்தாள் குமிழி. "ஒரு மணி அடிச்சா ரெண்டு பேரும் ஓடுவோம்."

சொட்டு சிரிக்கவில்லை. பையனின் கைக்கு அடியில் மடங்கிக் கிடந்த குழாயை நீவி நேராக்கினாள். பம்ப் வாயை மூடியது. அரைத் தூக்கத்தில் கிடந்த பையன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. உலர்ந்த உதடு, வேக வேகமான மூச்சு. உடம்பில் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறி, இன்சுலின் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது அந்தச் சின்ன உயிர். காலையில்தான் அவசரப் பிரிவில் இருந்து மேலே அனுப்பியிருந்தார்கள். முதல் வேலையாக உப்புநீர் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்தது இன்சுலின்.

"வார்டுல பேரு சொல்லிக் கூப்பிடாதே," என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள் சொட்டு.

குமிழிக்கு முகம் சுண்டிப்போயிற்று. தான் பேர் சொல்லி எங்கே கூப்பிட்டோம், 'டி' தானே போட்டோம் என்று யோசித்தாள். ஆனால் அதுவும் குற்றம்தான். சொட்டு இந்த வார்டின் பொறுப்பு சிஸ்டர். குமிழி, வந்து ஒரு மாதம்கூட ஆகாத புது ஆள். தலை நரைத்த புது ஆள்.

சொட்டு, குமிழி என்பதெல்லாம் பெற்றவர்கள் வைத்த பெயர்களா என்ன? நர்சிங் பள்ளியில் கூடப் படித்தவர்கள் வைத்தவை. டிரிப் ஓடும் வேகத்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணிப் பார்க்கச் சொல்லித் தந்த வாரத்தில், ஒருத்தி தூக்கத்திலும் ஒண்ணு, ரெண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். ஹாஸ்டல் குழாய் ஒழுகினால்கூட எழுந்து உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, நிமிஷத்துக்கு எத்தனை என்று கணக்குச் சொல்லுவாள். அவள் சொட்டு ஆனாள். இன்னொருத்திக்கு ஊசியில் காற்றுக் குமிழி என்றால் பேய் பயம். சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து விரலால் சுண்டுவாள், சுண்டுவாள், நோயாளிக்கு வியாதியே ஆறிப்போகும்வரை சுண்டுவாள். அவள் குமிழி.

இரண்டு பேரும் நகமும் சதையும். ஒருத்தி வாக்கியத்தை ஆரம்பித்தால் மற்றவள் முடிப்பாள். ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்தி மாத்திரை தேடுவாள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தட்டு காலியானால் மற்றதும் காலியாகும்.

மருந்தியல் பாடம்தான் மாணவிகளுக்குக் கிலியைக் கொடுத்தது. வாயில் நுழையாத பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் வேலை, பக்க விளைவு, அளவு, எச்சரிக்கை. இந்த இரண்டு பேரும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஹாஸ்டல் பின்புறம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, மருந்துகளை எல்லாம் ஒரு பெரிய குடும்பமாக்கிவிட்டார்கள். 'லால்' என்று முடியும் மருந்துகள் எல்லாம் சாதுவான அண்ணன் தம்பிகள். வீட்டுக்குள் வந்தாலே இதயம் நிதானமாகும், நாடி இறங்கும். ரொம்பச் சாதுவானால் ஆபத்து, அதனால் முதலில் நாடி பிடித்துப் பார். 'பிரில்' என்று முடிபவை மருமகள்கள். ரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் கெட்டி, ஆனால் அவள் வந்த நாளிலிருந்து மாமியாருக்கு வறட்டு இருமல்.

பொட்டாசியம் மாமனார். "அவர்கிட்ட நேரா போய் நிக்கவே கூடாது," என்பாள் சொட்டு, சோப்பு நுரைக் கையை ஆட்டியபடி. "நிறைய தண்ணி கலந்து, மெதுவா, பார்த்துப் பார்த்து. நேரா ரத்தத்துல ஏத்தினா ஆளே காலி."

"என் மாமனார் வந்ததும் சொல்றேன்," என்பாள் குமிழி.

இன்சுலின்தான் அந்த வீட்டின் சின்ன அத்தை. பார்ப்பதற்குப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருப்பாள். அளவோடு இருந்தால் வீட்டைக் காப்பாற்றுவாள். அளவு தப்பினால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஆளையே மயக்கிப் போட்டுவிடுவாள்.

பரீட்சையில் இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண். எழுதிய தப்பும் ஒரே தப்பு. திருத்திய ஆசிரியை சந்தேகப்பட்டு இரண்டு பேரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில், அதே தப்பு. காப்பி அடிக்கவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் பெரிய சிஸ்டர். ஆண்கள் வார்டின் தலைவி. உயரம் கம்மி, குரல் அதைவிடக் கம்மி, ஆனால் அவர் நடந்து வந்தால் கட்டில் விரிப்புகள் தாமாகவே சுருக்கம் நீங்கிக்கொள்ளும் என்று மாணவிகள் சொல்லுவார்கள். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்து விரலையும் மடக்கி மாணவிகள் ஒப்பித்தால், "விரல்ல இருக்கு. கண்ணுல இருக்கா?" என்று கேட்பார்.

அந்தக் காலத்தில் இன்சுலின் இரண்டு வீரியத்தில் வரும். ஒன்று மில்லிக்கு நாற்பது யூனிட், இன்னொன்று நூறு. ஒன்றுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, மற்றதற்கு ஆரஞ்சு மூடி. பாட்டில் எதுவோ அதற்கேற்ற சிரிஞ்சில்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை இன்னொரு நர்ஸிடம் காட்ட வேண்டும். அவள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் நோயாளியிடம் போக வேண்டும்.

ஒரு நாள் ஆண்கள் வார்டில் தையல்காரர் ஒருவருக்கு இருபது யூனிட். சொட்டு அலமாரியைத் திறந்து, எப்போதும் நாற்பது இருக்கும் இடத்தில் இருந்த பாட்டிலை எடுத்தாள். சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபது கோடு வரை உறிஞ்சினாள். "இருபது," என்று காட்டினாள். பக்கத்தில் நின்ற குமிழி, ஹாஸ்டல் வார்டன் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதையை நிறுத்தவில்லை. கோட்டைப் பார்த்தாள், தலையாட்டினாள். பாட்டிலை வாங்கிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? எடுத்தது சொட்டு ஆயிற்றே.

தையல்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பக்கமாக வந்த பெரிய சிஸ்டர், தட்டில் இருந்த பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அன்று காலைதான் புதுச் சரக்கு வந்து, நாற்பதின் இடத்தில் நூறை அடுக்கியிருந்தார்கள். இருபது கோட்டில் இருந்தது இருபது அல்ல. ஐம்பது.

அவர் திட்டவில்லை. தையல்காரரிடம் இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு, சிரிஞ்சை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு பேரும் மருந்து அறையில் நின்றார்கள். குமிழி அழுதாள். சொட்டு அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பலகையில் புதுப் பட்டியல் ஒட்டப்பட்டது. சொட்டு குழந்தைகள் வார்டு, குமிழி பெண்கள் வார்டு. ஒருத்தி காலை, ஒருத்தி மாலை. ஹாஸ்டலிலும் அறை மாற்றம். ஒருத்தி மாடியில், ஒருத்தி கீழே. குமிழி பெரிய சிஸ்டரின் அறைக்கே போய்க் கெஞ்சிப் பார்த்தாள். இனிமேல் பேசவே மாட்டோம், பாட்டிலைப் பார்க்காமல் தலையாட்ட மாட்டேன் என்றெல்லாம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, நல்லதற்குத்தான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து பெரிய சிஸ்டருக்குக் குமிழி வைத்த பெயர் 'கத்திரிக்கோல்'. நன்றாக இருந்த நட்பைக் கச்சிதமாக வெட்டிய கத்திரிக்கோல். வாசலில் ஒருத்தி உள்ளே வரும்போது மற்றவள் வெளியே போவாள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் குமிழி கத்திரிக்கோலைக் கரித்துக் கொட்டுவாள். சொட்டு எதுவும் சொல்லாமல் தோளில் தட்டிவிட்டுப் போவாள். அவளுக்கு எப்போதுமே பெரிய மனசு என்று குமிழி நினைத்துக்கொள்வாள்.

படிப்பு முடிந்தது. ஆளுக்கொரு ஊரில் வேலை. கல்யாணம், குழந்தை, வீட்டுக்காரரின் மாற்றல், மாமியாரின் மூட்டுவலி. குமிழிக்கு வந்த மாமனார் பொட்டாசியம் அல்ல, வெறும் உப்புநீர். யாருக்கும் தொந்தரவு இல்லாத மனிதர். அதைச் சொட்டிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கும். போனைப் போட்டால் அவள் டியூட்டியில் இருப்பாள். அவள் போடும்போது இவள் டியூட்டியில் இருப்பாள். வாசலில் ஆரம்பித்த அந்த மாறி மாறிப் போகும் விதி, வாழ்க்கை முழுக்க விடவில்லை.

மகன் இந்த ஊரில் வீடு பார்த்து அம்மா அப்பாவை அழைத்தபோது, குமிழி முதலில் கேட்ட கேள்வி, சொட்டு வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான். வேறு இடத்தில் இதைவிட லேசான வேலை கிடைத்தது. வேண்டாம் என்றுவிட்டு இங்கே விண்ணப்பித்தாள். நிர்வாகம் ஒரு நிபந்தனை போட்டது. ஒரு மாதம் குழந்தைகள் வார்டில் பார்க்கட்டும், அதன் பிறகு அங்கேயே வைத்துக்கொள்வதா, வேறு எங்காவது போடுவதா என்பதைப் பொறுப்பு சிஸ்டர் சொல்லட்டும் என்று. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது குமிழிக்கு. பொறுப்பு சிஸ்டரே சொட்டுதானே.

ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. டீ குடிக்கும்போது சொட்டு பழைய சொட்டுதான். லால் அண்ணன்களைப் பற்றியும் பிரில் மருமகள்களைப் பற்றியும் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். ஆனால் மருந்து வண்டி அருகே வந்துவிட்டால் முகம் மாறிவிடும். ஆபத்தான மருந்துகளுக்கு இரண்டாம் ஆள் சரிபார்க்க வேண்டும் அல்லவா? இந்த மாதம் முழுக்க ஒரு தடவைகூட அவள் குமிழியைக் கூப்பிடவில்லை. பக்கத்திலேயே நின்றாலும், வார்டின் அந்தக் கோடியில் இருக்கும் கண்ணாடிக்கார நர்ஸைக் கைதட்டி அழைப்பாள்.

மாதம் முடியப் போகிறது. சொட்டு என்ன முடிவு சொல்லுவாளோ என்ற பயம், வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல முடியாத பயமாக இருந்தது. இன்னொரு தடவை பிரிந்தால், இந்த வயதில், அவ்வளவுதான்.

இன்று கண்ணாடிக்கார நர்ஸ் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்ரேக்குப் போயிருந்தாள். பையனுக்கு இன்சுலின் ஆரம்பிக்கும் நேரம் வந்துவிட்டது. சொட்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். வேறு வழியில்லை.

"சிஸ்டர், இங்க வாங்க," என்று குமிழியை அழைத்தாள். பயிற்சி மாணவிகள் சிலர் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். "டாக்டர் எழுதினது, கிலோவுக்கு மணிக்கு ஒரு யூனிட்டுல பத்துல ஒரு பங்கு. சிரிஞ்சுல கலந்து வச்சது ஒரு மில்லிக்கு ஒரு யூனிட். நான் கணக்குப் போட்டுட்டேன். நீங்க தனியா போட்டுட்டு வாங்க. என் தாளைப் பார்க்க வேண்டாம்."

குமிழிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கடைசியில் கூப்பிட்டுவிட்டாளே. உன் கணக்கு என்றைக்குத் தப்பியது, நான் வேறு எதற்குப் போட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

கலந்து வைத்த சிரிஞ்சையும், அதை எடுத்த பாட்டிலையும் முதலில் வாங்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது. தனியாகப் போய் உட்கார்ந்து, கேஸ் ஷீட்டைப் பிரித்தாள். எடை இருபத்திரண்டு கிலோ. அவசரப் பிரிவில் எழுதியது, டாக்டரின் கையெழுத்தும் இருந்தது. இருபத்திரண்டில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு புள்ளி இரண்டு. மணிக்கு இரண்டு புள்ளி இரண்டு மில்லி. கட்டிலருகே திரும்பி வந்தபோது இன்சுலின் பம்பின் திரையைப் பார்த்தாள். சொட்டு ஏற்கனவே எண்ணைத் தட்டி வைத்திருந்தாள். அதே இரண்டு புள்ளி இரண்டு. பழையபடி ஒரே பதில். குமிழிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள்.

போடுவதற்கு முன்னால், சரியான ஆள்தானா என்று பார்க்கப் பையனின் கையைத் தூக்கினாள். பெயரை அம்மா வாயால் சொல்லச் சொன்னாள். மணிக்கட்டுப் பட்டையில் அதே பெயர். நல்லது. தலை தலையணையிலிருந்து சரிந்து கிடந்தது. நேராக்கலாம் என்று ஒரு கையைத் தோளுக்கு அடியில் கொடுத்துச் சற்றே தூக்கினாள்.

கை ஏதோ சொன்னது.

இரண்டு பிள்ளை பெற்று, மூன்று பேரப்பிள்ளைகளைத் தூக்கிய கை. இப்போதுகூட வீட்டில் பெரிய பேரன் ஓடி வந்து மடியில் விழுந்தால் மூச்சு முட்டும். அவன் இருபது கிலோவைத் தாண்டியவன். இந்தப் பிள்ளை பஞ்சு மாதிரி வந்தான். நோய் வந்து இளைத்த பிள்ளைதான், இருந்தாலும் இருபத்திரண்டா?

குமிழி அம்மாவின் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி, பையன் எடை எவ்வளவு? எப்ப பார்த்தீங்க?"

"கீழயே சொல்லிட்டேனே சிஸ்டர். இருபத்திரண்டு. போன வாரம்தான் ஸ்கூல்ல பார்த்தாங்க."

"இவன் ஸ்கூலுக்குப் போறானா?"

அந்தப் பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தூக்கமின்மையால் சிவந்திருந்தது. தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. "ஐயோ, அது பெரியவனோடது," என்றாள். "கேட்டப்ப வாயில வந்ததைச் சொல்லிட்டேன். இவனுக்கு எடை பார்த்தே ரொம்ப நாளாச்சு."

மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவளிடம், நாலு பேர் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். டிரிப்போடு தள்ளுவண்டியில் வந்த பிள்ளையைத் தராசில் ஏற்ற யாருக்கும் நேரம் இருந்திருக்காது. சொன்னதை எழுதினார்கள். எழுதியது கையெழுத்தானது. கையெழுத்தானதை இரண்டு அனுபவசாலிகள் தனித்தனியாகப் பெருக்கிப் பார்த்தார்கள். பெருக்கல் தப்பவில்லை.

குமிழி திரும்பிப் பார்த்தாள். கட்டிலின் மறுபக்கம் நின்ற சொட்டின் விரல், பம்பின் பச்சைப் பொத்தானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஒரு நொடியில் குமிழிக்குள் என்னென்னவோ ஓடியது. மாணவிகள் சுற்றி நிற்கிறார்கள். சொட்டு இந்த வார்டில் தப்பே செய்யாதவள் என்று பெயர் எடுத்தவள். ஒரு மாதத்தில் முதல் தடவையாகக் கூப்பிட்டிருக்கிறாள். தனியாக அழைத்துக் காதில் சொல்லலாமா? முதலில் ஆரம்பிக்கட்டும், எடை பார்த்துவிட்டு மெதுவாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று விடலாமா? ஒருவேளை என் கைதான் தப்போ? சொட்டின் கணக்கு தப்பாது என்று நம்புவது எவ்வளவு சுலபமாக இருந்தது அன்றைக்கு.

"நிறுத்துங்க சிஸ்டர்," என்றாள் குமிழி. "நான் கையெழுத்துப் போடல."

சொட்டின் விரல் நின்றது.

"கணக்கு தப்பா?"

"கணக்கு சரி. எடை தப்பு."

"ஷீட்ல டாக்டர் கையெழுத்து இருக்கு."

"இருக்கு. ஆனா அது இவனோட அண்ணன் எடை."

சொட்டின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். தராசைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாள். பையனைத் தனியாக நிற்க வைக்க முடியாது. அம்மாவைப் பிள்ளையோடு ஏற்றினார்கள். குழாய் இழுபடாமல் குமிழி பம்பைத் தள்ளிக்கொண்டே கூட நின்றாள். பிறகு பிள்ளையைக் குமிழி வாங்கிக்கொள்ள, அம்மா மட்டும் ஏறி நின்றாள். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தார்கள். பதின்மூன்று கிலோ, அதற்கு மேல் சில்லறை.

இருபத்திரண்டு எங்கே, பதின்மூன்று எங்கே. மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் இன்சுலின் மணிக்கு மணி ஏறியிருக்கும். சர்க்கரை வேக வேகமாக இறங்கினால் அந்தச் சின்ன மூளை தாங்குமா? அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்த அளவுக்கே அவள் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். குமிழி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தாய் சொன்னதைத் தராசு பார்த்துக்கொள்ள வேண்டும், அது எங்கள் வேலை, உங்கள் வேலை இல்லை என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

டாக்டர் வந்தார். எடையைத் திருத்தி, புதிதாகக் கையெழுத்துப் போட்டார். உப்புநீரும் அந்தத் தப்பான எடைக்கே ஓடிக்கொண்டிருந்ததால் அதையும் குறைத்தார். சொட்டும் குமிழியும் மறுபடி தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். ஒன்று புள்ளி மூன்று. இந்தத் தடவை குமிழி கையெழுத்துப் போட்டாள். பம்ப் சத்தமில்லாமல் ஓட ஆரம்பித்தது.

அதன் பிறகு சொட்டு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மணிக்கு ஒரு தடவை பையனின் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். படிப்படியாக, நிதானமாக இறங்கியது. மதியம் ஆனபோது மூச்சு இரைப்பது குறைந்தது. கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டு அடம் பிடித்தான். அடம் பிடிக்கும் பிள்ளையைப் பார்த்து வார்டே சந்தோஷப்பட்டது. சொட்டு மாணவிகளை அழைத்துத் தராசைக் காட்டி ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குமிழி பக்கமே திரும்பவில்லை. டீ நேரத்துக்கும் வரவில்லை. குமிழி தனியாகவே டீயைக் குடித்துவிட்டு வந்தாள்.

அன்றைக்கும் இப்படித்தான். தையல்காரரின் ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் யாரும் எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு பலகை பேசியது.

டியூட்டி முடியும் நேரம். கைப்பையை எடுக்க மருந்து அறைக்குப் போனாள் குமிழி. சொட்டு அங்கே மேஜையில் குனிந்து பென்சிலால் அடுத்த மாதத்து டியூட்டிப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தாள். அலமாரிகளில் சிவப்புச் சீட்டு ஒட்டிய ஆபத்தான மருந்துகள் தனித்தனிப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. ஸ்பிரிட் வாசனை. எந்த ஊருக்குப் போனாலும், எந்த வயதிலும், இந்த வாசனை மட்டும் மாறுவதில்லை. இரண்டு சின்னப் பெண்கள் நின்ற அந்த அறையிலும் இதே வாசனைதான் இருந்தது.

குமிழி கதவருகேயே நின்றாள். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

"காலை டியூட்டி உனக்குத் தோதா இருக்குமா?" என்று நிமிராமலே கேட்டாள் சொட்டு.

"எந்த வார்டுல?"

"இதென்ன கேள்வி. இங்கதான்."

குமிழி கிட்டே போய் எட்டிப் பார்த்தாள். கட்டம் கட்டமாக மாதம் முழுவதும் காலை டியூட்டியில் இரண்டு பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஆபத்தான மருந்துகளுக்கு இரண்டாம் ஆள் என்ற இடத்தில், கண்ணாடிக்கார நர்ஸின் பெயரை அழித்துவிட்டுக் குமிழியின் பெயரை எழுதியிருந்தாள் சொட்டு. பொறுப்பு சிஸ்டர் மருந்து எடுத்தால் சரிபார்க்க வேண்டியது குமிழி.

குமிழி பட்டியலை இன்னொரு தடவை படித்தாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. நாலு பேர் முன்னால் நிறுத்தச் சொன்னதற்குக் கோபமோ என்று நினைத்தேன், காதில் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன், நீ பேசாமல் இருந்தது என்னைக் கொன்றுவிட்டது என்றெல்லாம் கொட்டினாள். அழுகையும் சிரிப்புமாக, "கத்திரிக்கோல் மாதிரி நீயும் நம்மளப் பிரிச்சிடுவியோன்னு பயந்தே போயிட்டேன்டி," என்றாள். "அந்தம்மாவை நான் இன்னும் மன்னிக்கல, தெரியுமா? பாவம், செத்துக்கூடப் போயிருப்பாங்க. ஆனா நான் மன்னிக்கல."

சொட்டு பென்சிலை மேஜைமேல் வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குமிழிக்கு எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். அவள் கண்களில், அன்றைக்குச் சுவரைப் பார்த்து நின்ற சின்னப் பெண்ணின் அதே ஈரமில்லாத பார்வை.

"அவங்களை விட்டுடு குமிழி. நம்மளப் பிரிச்சது அவங்க இல்ல. நான்தான் போய்க் கேட்டேன், நான் எதைக் காட்டினாலும் தலையாட்டுறவளை என் பக்கத்துல நிறுத்தாதீங்கன்னு."